லீலாவதியின் முக்கோணிகளும் தமிழ்க் கர்ணச் செய்யுளும்

வடமொழிக் கணித நூல்களுள், கணிதம் கற்றாரேயன்றிக் கல்லாதாரும் பெயரறிந்து போற்றுவது லீலாவதி ஒன்றேயாகும். கி. பி. 1114 இல் தோன்றிய பாஸ்கராசாரியர் தமது 36 ஆம் வயதில், 1150 இல், இயற்றிய சித்தாந்த சிரோமணியின் முதற் பாகம் அது. அக்பர் அவையிலிருந்த பைசி 1587 இல் அதனைப் பாரசீகத்திற் பெயர்த்தார். கோல்புரூக்கு என்னும் ஆங்கிலேய அறிஞர் 1817 இல் அதனை ஆங்கிலத்தில் வெளியிட்டார். நூலுக்குப் பெயர் தந்தவள் ஆசிரியரின் மகளென்றும், நீர்க்கடிகையில் முத்தொன்று விழுந்து அடைத்தமையால் அவளது மணமுகூர்த்தம் தவறிற்றென்றும், அவளைத் தேற்றவே நூல் எழுந்ததென்றும் கூறுங் கதை பாரசீக முன்னுரையின் வழியாகப் பரவியது. கதை இனிது, ஆயினும் பாஸ்கரரின் வாக்கில் அதற்குச் சான்றில்லை. நூலின் பெருமைக்கு அக்கதை வேண்டப்படுவதுமன்று.

நூலின் பல பகுதிகளுள்ளும் கேத்திரவியவகாரம் எனப்படும் வடிவக் கணக்குப் பகுதியே ஈண்டு ஆராய்ச்சிக்குரியது. தெரிந்த பக்கங்களைக் கொண்டு தெரியாத பக்கத்தையும், செங்குத்தையும், பரப்பையும் காணும் முறைகள் அப்பகுதியில் விதிகளாகவும் வினாக்களாகவும் அமைந்துள்ளன. வினாக்கள் வெறும் எண்களாய் நில்லாது உயிர்பெற்று உலாவுகின்றன. 32 முழ உயரமான மூங்கிலொன்று காற்றில் முறிந்து, அதன் நுனி அடியினின்றும் 16 முழத் தொலைவில் நிலத்தைத் தொடுகின்றது. முறிந்த இடம் எத்தனை முழ உயரத்தில் என்பது ஒரு வினா. 9 முழத் தூணின் உச்சியில் மயிலிருக்கின்றது. தூணின் அடியிலுள்ள புற்றை நோக்கி, தூணின் உயரத்தைப்போல் மும்மடங்கு தொலைவிலிருந்து பாம்பொன்று வருகின்றது. மயில் சாய்வாகப் பாய்ந்து அதனைப் பற்றுகின்றது. இரண்டும் சம தூரம் சென்றிருப்பின் புற்றிலிருந்து எத்தனை முழத்தில் பற்றிற்று என்பது மற்றொரு வினா. நீர்மட்டத்துக்கு மேல் ஒரு சாண், அஃதாவது அரை முழம், நின்ற தாமரை காற்றால் அசைந்து 2 முழத்துக்கு அப்பால் நீருள் மறைகின்றது. நீரின் ஆழம் யாது? 100 முழ மரத்தில் இரு குரங்குகள் உள. ஒன்று இறங்கி 200 முழத்திலுள்ள குளத்துக்கு நடந்து செல்கின்றது. மற்றது மேலே சிறிது துள்ளிக் கர்ணவழியாகக் குளத்திற் பாய்கின்றது. சென்ற தூரம் இரண்டுக்கும் ஒன்றே. துள்ளிய உயரம் எவ்வளவு?

இவ்வினாக்கள் யாவும் பாஸ்கரரே புதிதாகப் படைத்தவையல்ல. ஆரியபடீயத்துக்கு 629 இல் உரை வகுத்த முதலாம் பாஸ்கரர், மூங்கிலையும் தாமரையையும் முன்னரே காட்டியுள்ளார். அவருடைய உரையில் மயிலுக்கும் பாம்புக்கும் ஈடாகப் பருந்தும் எலியும் வருகின்றன. சீனரின் ஒன்பது அத்தியாயக் கணித நூலிலும் முறிந்த மூங்கிலும் குளத்து நாணலும் உள. எனினும் பொருள் பழையதாயினும் அதனை ஆண்ட திறன் லீலாவதிக்கே உரியது. வினாவைப் படிக்கும் மாணவன் முதலிற் காண்பது செங்கோண முக்கோணியை அன்று. மயிலையும் பாம்பையுமே காண்கின்றான். முக்கோணி எங்கேயுளது என்று அவனே தேடிக்கொள்ளல் வேண்டும். தெரியாத பக்கத்தைக் காண்பதிலுள்ள உண்மையான உழைப்பு அத்தேடலே. இக்காலப் பாடநூல்கள் படத்தை வரைந்து, எழுத்துக்களிட்டு, கேட்கப்படும் பக்கத்துக்கு வினாக்குறியும் இட்டு வைக்கின்றன. மாணவனுக்கு எஞ்சுவது கூட்டலும் கழித்தலுமே.

விடை காணும் முறையும் அழகியது. மூங்கிற் கணக்கில் நிலைத்து நின்ற துண்டும் முறிந்து சாய்ந்த துண்டும் சேர்ந்து 32 முழம் என்பது தெரியும். அவ்விரண்டின் வர்க்கங்களின் வித்தியாசம் 16 இன் வர்க்கமாகிய 256. வர்க்கங்களின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுப்பின் வித்தியாசம் 8 கிடைக்கும். 32 இலிருந்து 8 ஐக் கழித்துப் பாதியாக்க, முறிந்த இடம் 12 முழ உயரத்தில் என்பது புலனாகும். மயிற் கணக்கும் அவ்வாறே: 81 ஐ 27 ஆல் வகுக்க 3, 27 இலிருந்து 3 போக 24, அதன் பாதி 12 முழம். வர்க்கமூலம் எடுக்கவேண்டிய தொல்லை எங்குமில்லை.

இனி, இவ்வினாக்களை ஒருங்குவைத்து நோக்குமிடத்து ஒரு குறையும் வெளிப்படுகின்றது. மூங்கிலாற் பிறக்கும் முக்கோணியின் பக்கங்கள் 12, 16, 20. மயிலாற் பிறப்பது 9, 12, 15. குரங்கு 50 முழந் துள்ளுதலின் அங்கே தோன்றுவது 150, 200, 250. மூன்றும் வேறுவேறு உடை புனைந்த 3, 4, 5 முக்கோணியே. மூன்றையும் கணித்து முடித்த மாணவன் ஒரு முக்கோணியையே மும்முறை கணித்தவனாகின்றான். 3, 4, 5 என்பதை மனனஞ் செய்தவன் விதியறியாமலே மூன்றுக்கும் விடைகூற முடியும். நால்வகை வினாக்களுள் தாமரை ஒன்றே வேறினத்தது. நான்கை அரையால் வகுக்க 8. அதிலிருந்து அரை போக ஏழரை. அதன் பாதி மூன்றேமுக்கால் முழம் நீரின் ஆழம். ஆழம் மூன்றேமுக்கால், விலகல் 2, தண்டின் நீளம் நாலேகால்: இது 8, 15, 17 என்னும் முக்கோணியின் கால் அளவு. வினாக்களின் எண்ணிக்கையால் வகை பெருகுவதில்லை என்பது இதனால் விளங்கும்.

இக்குறை சிறிதெனத் தோன்றலாம். ஆனால் தமிழில் வழங்கும் ஒரு கர்ண விதியை ஆராயப் புகும்போது அதன் பெருக்கம் தெரியவரும். போதையனார் பெயரோடு சேர்த்து வழங்கப்படும் அச்செய்யுள், ஓடும் நீளத்தை எட்டுக் கூறாக்கி, ஒரு கூற்றைத் தள்ளி, எஞ்சியதனோடு உயரத்தின் பாதியைச் சேர்த்தால் கர்ணம் வரும் என்று விதிக்கின்றது. கர்ணமாவது இன்று பாடசாலைகளிற் செம்பக்கம் எனப்படுவது. மேடைப் பேச்சுக்களிலும் கைப்பேசிச் செய்திகளிலும் இச்செய்யுள் பெரிதும் பாராட்டப்படுகின்றது. பைதகரசுக்குப் பன்னூறாண்டு முன்னரே, வர்க்கமூலமும் வேண்டாத எளிய வழியில், தமிழர் கர்ணங் கண்டனர் என்பது பாராட்டுவோர் கூற்று. பாராட்டுவோர் காட்டும் உதாரணம் பெரும்பாலும் 3, 4, 5 தான். 4 இன் எட்டிலொன்று அரை, அது போக மூன்றரை, 3 இன் பாதி ஒன்றரை, ஆக 5. சபை கைதட்டுகின்றது.

இதனை லீலாவதியின் வினாக்களால் சோதித்தல் தகும். முறிந்த மூங்கிலுக்கு இவ்விதியைப் பயன்படுத்தின் 16 இல் எட்டிலொன்று போக 14. அதனோடு நின்ற துண்டின் பாதியைக் கூட்டியது, 32 இலிருந்து நின்ற துண்டைக் கழித்ததற்குச் சமம். ஆகவே நின்ற துண்டின் ஒன்றரை மடங்கு 18. துண்டு 12 முழம். விடை சரி. மயிலுக்கும் 12 முழமே வருகின்றது. குரங்குக்கும் 50 முழமே வருகின்றது. மூன்று வினாக்களிலும் தேறிய விதியைப் பிழையென்று யார் கூறுவர்? தாமரைக்கு வரும்போதுதான் கதை மாறுகின்றது. ஆழத்தில் எட்டில் ஏழு பங்கும் ஒரு முழமும் சேர்ந்தது ஆழத்தோடு அரை முழம் சேர்ந்ததற்குச் சமமெனின், ஆழத்தின் எட்டிலொன்று அரை முழம். ஆழம் 4 முழம். உண்மையோ மூன்றேமுக்கால். கால் முழப் பிழை.

பிழை எங்கிருந்து வந்தது என்பதை அட்சரகணிதம் தெளிவாகக் காட்டும். நெடும்பக்கத்தை அ எனவும் குறும்பக்கத்தை இ எனவும் கொண்டு, செய்யுள் தரும் நீளத்தின் வர்க்கத்தை இரு பக்கங்களின் வர்க்கக் கூட்டுத்தொகைக்குச் சமப்படுத்தினால், 15அ² − 56அஇ + 48இ² = 0 என்னும் சமன்பாடு பிறக்கும். அதன் காரணிகள் (3அ − 4இ), (5அ − 12இ) என்பன. ஆதலின் இவ்விதி முற்றும் சரியாவது இரண்டே இரண்டு வடிவங்களுக்கு: 3, 4, 5 என்பதற்கும் 5, 12, 13 என்பதற்கும். அவற்றின் மடங்குகளுக்கும் அது பொருந்தும். ஏனைய எந்த முக்கோணிக்கும் பொருந்தாது. 7, 24 என்னும் பக்கங்களுக்கு 25 வரவேண்டிய இடத்தில் இருபத்துநாலரை வரும். 9, 40 என்பவற்றுக்கு 41 வரவேண்டிய இடத்தில் முப்பத்தொன்பதரை வரும். கர்ணம் தன் பக்கத்தினுங் குறைந்ததாக வருவது விந்தையே. உயரம் ஓடும் நீளத்தின் காற்பங்கினுங் குறைந்தவிடமெல்லாம் இவ்விந்தை நிகழும். அன்றியும், எட்டுக் கூறாக்கப்படவேண்டியது நெடும்பக்கமே என்னும் நிபந்தனை செய்யுளில் வெளிப்படையாக இல்லை. 3 ஐ ஓடும் நீளமாகவும் 4 ஐ உயரமாகவும் கொண்டால் 5 வாராது.

இவ்வளவும் கூறியதனால் செய்யுள் பயனற்றது என்று தள்ளிவிடுதல் மற்றொரு தவறாகும். தள்ளுவோர் பலர் அதன் திறனை நோக்குவதில்லை. சரியாக வரும் அவ்விரு வடிவங்களுக்கும் இடைப்பட்ட சாய்வுகளில், இவ்விதி தரும் நீளம் உண்மையினும் சிறிதே மிகுந்திருக்கும். மிகுதி நூற்றுக்கு 0.8 பங்கைத் தாண்டுவதில்லை. 12 அடிக் கைமரமொன்றுக்கு அம்மிகுதி ஏறக்குறைய ஓர் அங்குலம். கூரை மரம் அறுப்பவனுக்கு இப்பிழை தீங்கன்று. மிகுந்த மரத்தை அறுத்துக்கொள்ளலாம், குறைந்த மரத்தை ஒட்ட முடியாது. ஓடும் நீளம், உயரம் என்னும் செய்யுளின் சொற்களே சாய்வான ஒரு பொருளைக் கருதியவை. முழக்கோலையும் மனக்கணக்கையும் மட்டும் உடைய ஒருவனுக்கு, அரைக்காலும் அரையுமாகிய பின்னங்களால் இவ்வளவு நுட்பமான விடையைத் தரும் விதியைக் கண்டவன் அறிஞனே. அவன் கண்டது அண்ணளவு விதி. அவனைப் புகழ்வோர் அதனைத் தேற்றமாக்கிவிட்டனர். புகழுரையால் அவனுடைய உண்மையான திறன் மறைக்கப்பட்டதுதான் கண்ட பயன்.

பெயரை வைத்துக் காலங் கணிப்பதும் ஆராய்ச்சியாகாது. போதையனார் என்னும் பெயர் சுல்ப சூத்திரஞ் செய்த போதாயனரின் பெயரை ஒத்திருத்தலின், இருவரையும் ஒருவராக மயங்குவாரும் உளர். போதாயனரின் சூத்திரம் செவ்வகத்தின் மூலைவிட்டத்தால் அமையும் பரப்பு, இரு பக்கங்களாலும் தனித்தனி அமையும் பரப்புக்களின் கூட்டுத்தொகை என்றே கூறுகின்றது; எட்டுக் கூறு அங்கே இல்லை. சதுரத்தின் மூலைவிட்டத்துக்கு அது கொடுக்கும் அண்ணளவு 577/408; தசமத்தில் 1.41422 ஆகும். தமிழ் விதியால் வருவது 1.375. இரண்டும் ஒருவர் வாக்காதல் எங்ஙனம்?

இவ்விடத்தில் லீலாவதியின் மற்றோர் உதாரணம் நினைக்கத்தக்கது. இரு பக்கங்களும் மூன்றேகால் ஆயின் கர்ணம் யாது என்று பாஸ்கரர் வினாவுகின்றார். வர்க்கங்களின் கூட்டுத்தொகை 169/8. அதற்கு முழுமையான மூலமில்லை. தொகுதியையும் பகுதியையும் பெருக்கி 1352 ஆக்கி, அதனை மேலும் 10,000 ஆற் பெருக்கி, மூலமாக 3677 ஐக் கொண்டு, 800 ஆல் வகுத்து, 4 477/800 என்று விடை கூறுகின்றார். தசமத்தில் 4.59625, உண்மை 4.59619. வேறுபாடு எத்துணைச் சிறிது! தமிழ் விதியோ இங்கு 4.46875 ஐத் தரும். எனினும் இரண்டுக்குமுள்ள பெரிய வேற்றுமை நுட்பத்தில் அன்று, சொல்லில் உளது. பாஸ்கரர் தாம் கண்ட மூலத்தை ஆசன்ன மூலம், அஃதாவது அணித்தான மூலம், என்றே பெயரிட்டார். பெருக்கும் எண் பெரிதாகப் பெரிதாக நுட்பம் மிகும் என்பதும் அம்முறையிலேயே அடங்கியுள்ளது. தமிழ்ச் செய்யுள் வருவதே கர்ணம் என்று கூறி முடிந்துவிடுகின்றது. எவ்வளவு அணித்து என்று கேட்பதற்கு அதில் இடமில்லை.

செங்கோணமில்லாத முக்கோணிகளைப் பற்றிய பகுதியிலேதான் பாஸ்கரரின் ஆற்றல் முழுதும் விளங்குகின்றது. அடி 14, பக்கங்கள் 13, 15 எனின் செங்குத்து யாது, பரப்பு யாது? செங்குத்து இரு சிறு முக்கோணிகளுக்கும் பொதுவாதலின், பக்க வர்க்கங்களின் வித்தியாசமும் அடியின் இரு துண்டங்களின் வர்க்க வித்தியாசமும் ஒன்றே. ஆதலின் பக்கங்களின் கூட்டுத்தொகையாகிய 28 ஐ வித்தியாசமாகிய 2 ஆற் பெருக்கி 14 ஆல் வகுக்க, துண்டங்களின் வித்தியாசம் 4 வரும். துண்டங்கள் 9, 5, செங்குத்து 12, பரப்பு 84. மூங்கிலுக்கும் மயிலுக்கும் உதவிய கருத்தே ஈண்டு விரிந்து நிற்றல் காண்க.

அடுத்த உதாரணம் இன்னும் அருமையானது. அடி 9, பக்கங்கள் 10, 17. அதே விதியால் 27 ஐ 7 ஆற் பெருக்கி 9 ஆல் வகுக்கத் துண்டங்களின் வித்தியாசம் 21 என வருகின்றது. அடியே 9 ஆக, அதன் துண்டங்களின் வித்தியாசம் 21 ஆவது எப்படி? பாஸ்கரர் கணக்கைக் கைவிடவில்லை. துண்டங்கள் 15 உம் மறை எண்ணாகிய 6 உம் என்கிறார். மறை என்பது எதிர்த்திசையைக் குறிக்கும் என்று பொருள் கூறுகின்றார். செங்குத்து முக்கோணிக்கு வெளியே விழுகின்றது. அதன் நீளம் 8, பரப்பு 36. விடை தடுமாறும்போது வடிவத்தைத் திரும்ப நோக்கும் இவ்வியல்பே கணித அறிவின் தலையாய அடையாளம். மறை எண்ணைக் கடன் என்று மட்டும் கேட்டறிந்த மாணவனுக்கு அது ஒரு திசை என்று காட்டுவதற்கு இதனினுஞ் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது. பாடநூல்களில் இது காணப்படாமை பெருங்குறையே.

மூன்று பக்கங்கள் 3, 6, 9 என்று ஒருவன் கூறினால் அது வடிவமே அன்று என்கிறார் பாஸ்கரர். ஒரு பக்கம் ஏனையவற்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாயினும் மிகுந்ததாயினும் முக்கோணி அமையாது. நேரான குச்சிகளை நிலத்தில் வைத்துப் பார் என்று வழியும் காட்டுகின்றார். நாற்பக்கலுக்கு வரும்போது அவருடைய நாவில் கடுமை ஏறுகின்றது. நான்கு பக்கங்களை மட்டும் சொல்லி, மூலைவிட்டத்தையோ செங்குத்தையோ சொல்லாது பரப்பைக் கேட்பவன் பிசாசு. அதற்கு விடைகூறப் புகுபவனும் அத்தகையனே என்கிறார். காரணம் பொருத்தமானது. மூன்று குச்சிகளைப் பிணைத்தால் வடிவம் அசையாது நிற்கும். நான்கு குச்சிகளைப் பிணைத்தால் பக்கங்கள் மாறாமலே மூலைவிட்டமும் பரப்பும் மாறும். ஆயினும் இங்கே பாஸ்கரர்மீதும் ஒரு குற்றஞ் சாற்றலாம். பிரமகுப்தர் 628 இல் கூறிய நாற்பக்கல் விதி, வட்டத்துள் அமைந்த நாற்பக்கலுக்கு முற்றும் பொருந்துவது. பாஸ்கரர் அவ்விதி முக்கோணிக்குத் திட்பமானது, நாற்பக்கலுக்குத் திட்பமற்றது என்றாரேயன்றி, எந்நாற்பக்கலுக்குத் திட்பமாகும் என்பதை எடுத்துக் கூறிற்றிலர். கடிந்தவர் காரணத்தின் மறுபாதியையும் கூறியிருக்கலாம்.

கோணம் என்பது லீலாவதியின் முக்கோணிகளில் அளவாக வருவதில்லை. எல்லாம் நீளங்களே. ஓர் அடிக்கோட்டையும் இரு கோணங்களையும் கொண்டு அணுகமுடியாத சிகரத்தின் தூரத்தைக் காணும் முறைக்கு மாணவன் திரிகோணகணிதத்தையே நாடவேண்டும். பாஸ்கரரும் சைன்களின் ஆக்கத்தைச் சித்தாந்த சிரோமணியின் கோளப் பகுதிக்கு ஒதுக்கிவைத்தார்.

நிறுவலும் லீலாவதியில் இல்லை; விதியும் உதாரணமுமே உள. அதனைக் கொண்டு இந்தியக் கணிதர் நிறுவலை அறியார் என்பாரும் உளர். அவர்கள் பாஸ்கரரின் பீசகணிதத்தைத் திறந்து பார்த்தல் நன்று. பக்கங்கள் 15, 20 ஆயின் கர்ணம் யாது, வழங்கும் விதிக்கு உபபத்தி யாது என்று அங்கே அவரே வினாவுகின்றார். கர்ணத்தின்மேல் ஒரு சதுரம் அமைத்து, அதனுள் அத்தகைய முக்கோணிகள் நான்கை ஒழுங்காக வைத்தால், நடுவில் ஒரு சிறு சதுரம் எஞ்சும். அதன் பக்கம் 20 இனின்றும் 15 போன 5. நான்கு முக்கோணிகளின் பரப்பு 600, சிறு சதுரத்தின் பரப்பு 25, ஆகப் பெருஞ்சதுரம் 625, கர்ணம் 25. இங்கும் 3, 4, 5 தானே என்று நகைப்பவன் பக்கங்களை 20, 21 என மாற்றிப் பார்க்கலாம். நான்கு முக்கோணிகள் 840, நடுச்சதுரம் 1, ஆக 841, கர்ணம் 29. எண்கள் மாறினும் படம் மாறவில்லை. அதே பக்கங்களுக்கு எட்டுக் கூற்று விதி தருவது இருபத்தெட்டேகாலும் அரைக்காலும்.